நீல டப்பா

பொழுது விடியுமுன் மைதா மூட்டைகளைத் தோளில் சுமந்து வந்து பிசையும் மெஷினில் கொட்ட வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை இருக்கும். வெளியே பிப்ரவரிக் குளிரில் இரும்புக் கதவைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். உள்ளே எண்ணெய் காயும் கல்லின் அனல். ஒரு பக்கம் அந்த அனல், மறுபக்கம் பரோட்டாவை உறைய வைக்கும் குளிரறை. நடுவில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சு வேர்க்கும், முதுகு விறைக்கும். நியூஜெர்சியின் இந்தியக் கடைகளில், பளபளக்கும் கவரில் 'அம்மா கைப்பக்குவம்' என்று போட்டு விற்கிற பரோட்டா இப்படித்தான் தயாராகிறது. எந்த அம்மாவின் கை என்று கவரில் போடுவதில்லை.

சுபிட்சம் ஃபுட்ஸ் என்று அந்தக் கம்பெனிக்குப் பெயர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வெளியே, கிடங்குகள் வரிசையாக நிற்கிற ஒரு ரோட்டின் கடைசியில் இருந்தது. முதலாளி சந்தானம் சென்னைக்காரர். ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டில் அவருக்கு ஓட்டல் ஒன்றும் உண்டு. அந்த ஓட்டல் சமையல்காரன் கருப்பசாமியின் மனைவிதான் வசந்தாமணி, காங்கயத்துக்காரி. புருஷனுக்கு விசா வாங்கிக் கொடுத்தது சந்தானம். மகள் வெண்பாவோடு மூவரும் குடியிருக்கிற பேஸ்மென்ட் சந்தானத்துடையது. கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருப்பதும் அவர்தான். புருஷனைச் சார்ந்து வந்த வசந்தாமணியின் டிபெண்டன்ட் விசாவில் வேலை செய்யக் கூடாது. வேலை செய்யக் கூடாதவர்களாகத் தேடிப் பிடித்து வேலைக்கு வைப்பதில் அந்த மனுஷருக்குத் தனிச் சாமர்த்தியம் இருந்தது.

வாசலில் ஒரு நீல டப்பா. உள்ளே நுழையுமுன் எல்லாரும் அதில் போனைப் போட்டுவிட வேண்டும். சாப்பாட்டுப் பொருள் செய்கிற இடம், சுத்தம் முக்கியம் என்று காரணம் சொல்வார் சந்தானம். டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்பது வசந்தாமணியின் வேலை. நம்பிக்கையான ஆள் என்பதால் கிடைத்த பதவி. நிறைந்ததும் முதலாளியின் அறையில் கொண்டுபோய் வைப்பாள், அவர் பூட்டிக்கொள்வார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

டப்பாவுக்குள் போனது போன் மட்டுமல்ல, பேச்சும்தான். வேலைக்கு இருந்தவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள், பாதிப் பேர் சீனாக்காரர்கள். ஈக்வடார் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து காட்டிலும் சேற்றிலும் நடந்து எல்லையைத் தாண்டிய சனம் அது. இவர்களுக்குச் சீனம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் இரண்டு பக்கமும் 'யெஸ்', 'ஃபினிஷ்' அளவோடு சரி. ஒருவர் சொல்வதை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல போன் ஒன்றுதான் உண்டு. அதையும் விடியற்காலையில் பூட்டிவிட்டால், சாயங்காலம் வரை எல்லாரும் ஊமை.

பொங்கல் முடிந்ததும் சந்தானம் கூலியைக் குறைத்தார். சீனாக்காரர்கள் உங்களைவிடக் குறைச்சலுக்கு வேலை செய்கிறார்கள், நான் என்ன செய்ய என்று தமிழ்ப் பெண்களிடம் கையை விரித்தார். கூட வேலை செய்கிற கண்மணி அன்றிலிருந்து சீனர்கள் பக்கம் திரும்பவே இல்லை. நம் சோற்றில் மண்ணைப் போட வந்தவர்கள் என்று முணுமுணுப்பாள். கூலி குறைந்த கையோடு உருப்படி கூட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. மாவைத் தகடாக்கும் ரோலருக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. அதைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். மாவு சிக்கும்போதெல்லாம் திறந்து மூட நேரமாகிறது என்று சந்தானம் ஆளை வைத்து அந்தத் தடுப்பையே கழற்றிப் போட்டார்.

வேலை முடிந்து திரும்பும் கம்பெனி வேனில் வசந்தாமணிக்குப் பக்கத்தில் லியூ மெய் உட்காருவாள். ரோலரில் நிற்பவள் அவள்தான். போனில் சீனத்தில் பேசி நீட்டுவாள். அது டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் சுத்தத் தமிழில் ஒப்பிக்கும். முதல் வாரத்தில் வசந்தாமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருநாள் அந்தச் சுத்தத் தமிழ் இப்படிச் சொன்னது:

"நான் என் அத்தைக்கும் என் அண்ணனுக்கும், இல்லாத ஒரு வீட்டை விற்றேன்."

அதன் பிறகு சிரிப்பு வரவில்லை. ஜெங்ஜோ நகரத்தில் கறுப்புக் கோட்டும் குதிகால் செருப்புமாக அடுக்குமாடி வீடுகளை விற்றவளாம் மெய். அங்கே கட்டுமுன்பே விற்றுவிடுவார்கள். வாங்கியவர் அன்றிலிருந்தே வங்கிக்குத் தவணை கட்டுவார். கட்ட வேண்டிய கம்பெனி கைவிரிக்க, கட்டடம் பாதியில் நின்றது. சன்னல் இல்லை, லிஃப்ட் இல்லை, தண்ணீர் இல்லை. வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட முடியாத சனங்கள் அந்த மொட்டைக் கட்டடத்திலேயே குடியேறி, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து மாடி ஏறினார்கள். அங்கேயே தனக்கும் தவணையில் ஒரு வீடு வாங்கியிருந்த மெய்யும் வேலை போனதும் அங்கே போனாள். அத்தை அவள் முகத்தில் துப்பினாள். பிறகு, சும்மா நிற்கிறாயே, வாளியைத் தூக்கு என்றாளாம். அந்தக் கட்டடத்தில் வீடு வாங்கிய அத்தனை பேரும் ஒன்றாகத் தவணையை நிறுத்தினார்கள்.

வீடு கிடைத்ததா என்று கேட்டாள் வசந்தாமணி.

"இல்லை" என்றது போன். "ஆனால் எங்களில் யாரையும் தனியாகப் பிரித்தெடுக்க அவர்களால் முடியவில்லை."

கடன் கட்டாதவள் என்று பேர் விழுந்துவிட்டதால் மெய்க்கு வேக ரயிலில் டிக்கெட் கிடையாது, ஆபீஸ் வேலை கிடையாது. ஸ்கூட்டரில் பார்சல் சுமந்தாள். அந்த வேலைக்கும் பட்டம் படித்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் காட்டு வழியே கிளம்பினாள். நடந்து முடித்த இடம் சுபிட்சம் ஃபுட்ஸ்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலையில் ரோலரில் மாவு சிக்கியது. மெஷினை நிறுத்தப் போனால் கத்துவார்கள் என்று மெய் ஓடுகிற ரோலரில் கையை நீட்டி மாவை இழுத்தாள். கையுறையை ரோலர் பிடித்தது, கையுறைக்குள் இருந்த கையையும் சேர்த்துப் பிடித்தது. அவள் கத்தியது தமிழும் இல்லை, சீனமும் இல்லை. கண்மணி பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். வெள்ளை மாவுத் தகட்டின் மேல் இரத்தம் அகலமாகப் பரவியது.

வசந்தாமணி முதலாளி அறைக்கு ஓடினாள்.

"கை போயிருச்சுங்க சார். போனக் குடுங்க, ஆம்புலன்சக் கூப்புடோணும்."

சந்தானம் எழுந்திருக்கவில்லை. "911 கால் பண்ணா ஆம்புலன்ஸ் மட்டும் வராது வசந்தாம்மா, போலீஸும் வரும். இங்க யார்கிட்ட வொர்க் பண்ண பேப்பர் இருக்கு? உங்ககிட்ட இருக்கா?"

வேன் ஓட்டும் சபரியைக் கூப்பிட்டார். எமர்ஜென்சி வாசலில் இறக்கிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் உடனே திரும்பி வரச் சொன்னார். மாவுச் சாக்கில் கையைச் சுற்றிக்கொண்டு மெய் வேனில் ஏறும்போது உதடு நீலமாக இருந்தது. கூட வர யாரையும் விடவில்லை. சாயங்காலம் லாரி வருகிறது, சரக்கு ஏற்றியாக வேண்டும்.

ரோலரைப் பிளீச் ஊற்றித் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தது சென் என்ற சீனப் பெரியவர். மாவுக்குள் ஒரு விரல் கிடைத்தது. அவர் அதைச் சுத்தமான பையில் போட்டு, குளிரறையிலிருந்து ஐஸ் அள்ளி இன்னொரு பையில் வைத்துச் சுற்றி, முதலாளி அறைக்கு எடுத்துப் போனார். ரோட்டையும் பையையும் மாறி மாறிக் காட்டினார். அனுப்புகிறேன், நீ போய் வேலையைப் பார் என்று சைகையில் சொன்னார் சந்தானம். சென் திரும்பி வந்து மெய் நின்ற இடத்தில் நின்றார். ரோலர் மறுபடி சுற்றியது. கண்மணி இரண்டு முறை பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. லாரி நேரத்துக்குக் கிளம்பியது.

வேலை முடிந்ததும் போன் வாங்க எல்லாரும் அறை வாசலில் கூடினார்கள். சந்தானம் வசந்தாமணியின் போனை மட்டும் எடுத்து அவள் கையில் வைத்தார். குரல் இதமாக இருந்தது.

"மெய் இங்க வேலையே செய்யல. சும்மா விசிட் பண்ண வந்தா, அவ்ளோதான். யார் கேட்டாலும் இதான். உங்க போன்ல இவங்களுக்குப் புரிய வெச்சிடுங்க. நீங்க நம்ம ஆளு, கருப்பசாமி ஃபைல் இப்பதான் மூவ் ஆகுது."

 வெண்பாவின் பள்ளிக்கூடம், பேஸ்மென்ட், ஊரில் புருஷன் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வீடு எல்லாம் அந்த இதமான குரலுக்குள் அடங்கிக் கிடந்தன. சொல்லிவிடலாம் என்றுதான் வசந்தாமணி நினைத்தாள். நாலு வார்த்தை, சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடலாம். போனை வாயருகே கொண்டுபோனபோது மேசையைப் பார்த்தாள். நீல டப்பாவுக்குப் பக்கத்தில் சென் கொடுத்த பை அப்படியே இருந்தது. ஐஸ் உருகித் தண்ணீராகி, மேசை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

 இந்த ஆளுக்காகவா இத்தனை காலமும் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றோம் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"மெய்யோட கைய இந்த மெஷின்தான் புடிச்சுது" என்றாள் போனில். "தடுப்பக் கழட்டுனது இவரு. அவ இங்க வேலையே செய்யலைன்னு நம்மள எல்லாம் சொல்லச் சொல்றாரு. நான் சொல்ல மாட்டேனுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

போன் அதைச் சீனத்தில் சொல்லத் தொடங்கியதும் சந்தானம் பிடுங்க வந்தார். கண்மணி குறுக்கே வந்து நின்றாள், நகரவில்லை. சென் நிதானமாகக் கேட்டார். பிறகு போனை வாங்கி நாலு வாக்கியம் பேசினார். செய்தி வாசிக்கிற குரல் தமிழில் சொன்னது:

"தமிழ்ப் பெண்கள் எங்களைவிடக் குறைந்த கூலிக்கு வேலை செய்வதாக முதலாளி கூறினார். அதனால் எங்கள் கூலியைக் குறைத்தார். நாங்கள் உங்களை வெறுத்தோம். அது உண்மையா?"

"அடப்பாவி" என்றாள் கண்மணி. "எங்ககிட்ட உங்களச் சொல்லித்தானேய்யா கொறச்சான்."

அதையும் போன் சீனத்தில் சொன்னது. அந்தப் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சென் மறுபடி பேசினார், இந்த முறை ஒரே ஒரு வாக்கியம்.

"நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றது போன்.

சந்தானத்தின் குரல் ஏறவில்லை. நாளைக்கு ஒருத்தரும் வர வேண்டாம் என்றார். வசந்தாமணியைப் பார்த்து, "பேஸ்மென்ட்ட இன்னிக்கே காலி பண்ணிடுங்க" என்றார். சபரியிடமிருந்து வேன் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சபரி சாவியைக் கொடுத்துவிட்டு, மெய்யை எந்த ஆஸ்பத்திரியில் இறக்கினேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். பிறகு தன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு வாசலுக்கு வந்தான். அவரவர் போனை டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், மெய்யின் போனையும் அந்தப் பையையும் சென் எடுத்துக்கொண்டார். இனி அந்த விரலை ஒட்ட முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சந்தானத்திடம் விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை.

ரூட் 18 ஓரத்தில் நடைபாதை கிடையாது. அமெரிக்காவில் அந்த ரோட்டில் யார் நடக்கிறார்கள்? பனி உறைந்த புல்லில், மாவு படிந்த ஏப்ரனோடு வரிசையாக அவர்கள் நடந்தார்கள். கார்கள் ஹாரன் அடித்துப் போயின. வசந்தாமணி கருப்பசாமிக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"என்ன புள்ள இப்படிப் பண்ணிப்போட்ட" என்றான். அப்புறம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு. அடுப்ப அணச்சுட்டு வாரேன்."

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்பதே முதலில் புரியவில்லை. காலையில் வாசலில் கிடந்த, பெயர் தெரியாத பெண் ஒருத்தி ஆபரேஷன் முடிந்து உள்ளே படுத்திருக்கிறாளாம். நீங்கள் சொந்தமா என்று கேட்டாள். ஆங்கிலம் தெரிந்த சபரி இல்லை என்றான், ஒரே இடத்தில் வேலை செய்கிறோம் என்றான். எங்கே அடிபட்டது என்று கேட்டாள். கம்பெனி பெயரையும் ரோட்டையும் சொன்னான். அந்தப் பெண் டைப் பண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்களா, பெயர் கொடுப்பார்களா என்று கேட்டாள். சபரி அதைத் தமிழில் சொன்னான், போன் சீனத்தில் சொன்னது.

வசந்தாமணி கையைத் தூக்கினாள். திரும்பிப் பார்த்தபோது கண்மணியின் கை மேலே இருந்தது, சென்னின் கை இருந்தது, பின்னால் நின்ற அத்தனை பேரின் கையும் இருந்தது. மாவு காய்ந்து வெடித்திருந்த கைகள். யாரிடமும் வேலை செய்யப் பேப்பர் இல்லை, நாளைக்கு வேலை இல்லை, அவளுக்கு ராத்திரி படுக்க இடமும் இல்லை. ஒரு கைகூட இறங்கவில்லை.

வரவேற்புப் பெண் முதலில் யார் என்று கேட்டாள். வசந்தாமணி முன்னால் போய், தன் பெயரை அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.