மாதக் கடைசி வாரம்

என் அண்ணன் மகள் காய்ச்சலை வைத்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள். மருந்து கொடுத்து அல்ல, கணக்குப் போட்டு. தொற்றுநோய் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு புள்ளியியல் மாதிரியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். விடுதியில் சத்தம் தாங்கவில்லை என்று, ஆய்வேட்டை எழுதி முடிக்க எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. வரும்போது ஒரு பெட்டி துணியும் ஒன்பது பெட்டி காகிதமும் கொண்டுவந்தாள். ஒன்பது என்பது என் எண்ணிக்கை. என் மனைவி மூன்று என்கிறாள். அவளுக்கு எப்போதும் கற்பனை போதாது.

நானும் காய்ச்சலில் ஊறியவன்தான். பொதுச் சுகாதார அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பது மருத்துவ நிலையங்களிலிருந்து வரும் சீட்டுகளைக் கூட்டி, வெள்ளிக்கிழமைதோறும் வார அறிக்கையை மேலே அனுப்புவது என் வேலை. நான் எண்ணிய காய்ச்சல்காரர்களை வரிசையாக நிறுத்தினால் கடைசி ஆள் நிலாவில்தான் நிற்க வேண்டும், அதுவும் ஒற்றைக் காலில். அந்த அறிக்கைகளில் பதினோரு வருடத்துக்கானதைத்தான் அலுவலகம் அவளுடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தது. என் எண்கள் டாக்டர் பட்டம் வாங்கப் போகின்றன என்று தபால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

“சித்தப்பா, உங்க ஆபீஸ் எண்ணுக்குள்ள ஒரு புதையல் இருக்கு. இந்தக் கோட்டைப் பாருங்க. காய்ச்சல் ஏறிக்கிட்டே வருது. மாசக் கடைசி வாரம் வந்ததும் சட்டுனு இறங்குது. அடுத்த வாரம் விட்டதைப் பிடிக்கிற மாதிரி ஒரே தாவு! ஒரு மாசம் இல்ல, பதினோரு வருஷமும் இதே கதை.”

“காய்ச்சலுக்கு லீவு குடுக்குறாங்களா?” என்றாள் என் மனைவி.

“அப்படித்தான் சித்தி. பஸ் பயணிகள் எண்ணிக்கையையும் வாங்கிப் பாத்தேன், அதுவும் மாசக் கடைசியில கொஞ்சம் குறையுது. ஜனங்க ஊர் ஊராப் போறது குறைஞ்சா காய்ச்சலைக் கூடவே கொண்டுபோறதும் குறையும், நோய் பரவுறதும் குறையும். நோய் மூச்சைப் பிடிச்சுக்குதுன்னு இதுக்குப் பேர் வச்சிருக்கேன். இந்த அத்தியாயம்தான் உன் ஆய்வேட்டுக்கு முதுகெலும்புன்னு கைடு சொல்லிட்டாங்க. இன்னும் இருபது நாள்ல சமர்ப்பிக்கணும்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தேன். அந்தப் பள்ளங்களை எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைத் தெரியாதா?

மாதக் கடைசியில் வார அறிக்கையோடு மாத அறிக்கையும் போக வேண்டும். அது ஏழு பிரதி, ஒவ்வொன்றுக்கும் பதினான்கு பத்தி. பூதம் வந்தாலும் முடிக்காது. அதனால் அந்த வாரம் மட்டும் புதன்கிழமை வரை வந்த சீட்டுகளைப் பதிந்துவிட்டு, வியாழனும் வெள்ளியும் வந்தவற்றை இழுவறைக்குள் போட்டுவிடுவேன். அடுத்த வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்வேன். ஒரு நோயாளியைக்கூட நான் தொலைத்ததில்லை. ஆள் குறையாது, வாரம்தான் மாறும். வருடக் கூட்டுத்தொகை கல்வெட்டு மாதிரி நிற்கும்.

மூச்சைப் பிடித்தது நோய் அல்ல. என் மேசை இழுவறை.

இரண்டு நாள் நான் பேசவில்லை. எங்கள் வீட்டில் இது நிலநடுக்கத்துக்குச் சமம்.

“ஏங்க, பல்லு வலியா?” என்று மனைவி கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சொல்லிடுங்க.”

“இருபது நாள்தான் இருக்கு. யார் கண்டுபிடிக்கப் போறா?”

“உங்களை மாதிரி ஒருத்தர் எல்லா ஆபீஸ்லயும் இருந்திருப்பாரு. நாளைக்கு வாய்மொழித் தேர்வுல அப்படி ஒருத்தரைத் தெரிஞ்சவங்க கேள்வி கேட்டா? அங்க நிக்கப் போறது அவதானே, நீங்களா?”

அன்று மதியமே அவள் அறைக்குப் போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“போங்க சித்தப்பா! போன வாரம்தான் ஒரு காலத்துல சுகாதார மந்திரியே உங்களைக் கேட்டுத்தான் தும்முவாருன்னீங்க. இப்ப பதினோரு வருஷப் பள்ளமும் நீங்க தோண்டினதா?”

முப்பது வருடமாகச் சேர்த்து வைத்த புகழ் இப்படி என் காலையே வாரும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆளில்லை. சத்தியம் செய்தேன். அதற்கும் சிரித்தாள். கடைசியில் அவள் பாஷையிலேயே பேசிப் பார்த்தேன்.

“சரிம்மா. உன் பதினோரு வருஷத்துல அஞ்சாவது வருஷம் எனக்குக் கால் முறிஞ்சு நாலு மாசம் படுக்கையில கிடந்தேன். டைப்பிங் செக்‌ஷன்ல இருந்து ஒரு அம்மா வந்து என் வேலையைப் பாத்தாங்க. ஒரு சீட்டை மறுநாளைக்கு வைக்க மாட்டாங்க, ராட்சசி. மாத அறிக்கை தாமதமாப் போனாலும் பரவாயில்லைன்னுட்டாங்க. அந்த நாலு மாசத்துல உன் நோய் மூச்சைப் பிடிச்சுதா, பாரு.”

அவள் சிரிப்பு அங்கேயே நின்றது. திரையைத் திறக்கக்கூட இல்லை.

“பிடிக்கல,” என்றாள் மெதுவாக. “அந்த நாலு மாசம் மட்டும் கோடு நேராப் போகுது. ஏன்னு புரியல. விதிவிலக்குன்னு அடிக்குறிப்புல தள்ளிட்டேன்.”

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

“மூணு வருஷ உழைப்பு சித்தப்பா,” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் கைடுக்கு ஃபோன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “மூணு மாசம் அவகாசம் கேட்டு எழுது. அந்த மனுஷரை மட்டும் விட்டுடாதே,” என்று சொன்னாராம். எந்த அர்த்தத்தில் சொன்னாரோ.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு எனக்கு விசாரணை. எந்தெந்த நிலையத்துச் சீட்டு வியாழன், வெள்ளியில் வரும்? எத்தனையில் எத்தனையை ஒத்தி வைப்பீர்கள்? நான் “முக்காவாசி” என்றால் அவள் பாதி என்று போட்டுக்கொண்டு, அந்த டைப்பிங் அம்மாவின் நான்கு மாதத்தோடு ஒத்துப் பார்ப்பாள். பெரும்பாலும் பாதிதான் சரியாக இருந்தது. என் வாய்க்கு என்ன தள்ளுபடி விகிதம் என்பதை அறிவியல்பூர்வமாகக் கண்டுபிடித்த முதல் ஆள் அவள்தான். என் மனைவி அதை எழுதி வாங்கிக்கொண்டாள்.

சீட்டுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்த வாரத்துக்குத் திரும்பிப் போயின. பள்ளங்கள் தூர்ந்தன. தாமதமாக வரும் தகவலிலிருந்து உண்மையான நோயின் போக்கை மீட்பது எப்படி என்பது புதிய அத்தியாயம் ஆனது. பழையதைவிட இது பலமானது என்று கைடு சொன்னாராம். நான் மறுபடி தபால்காரரைத் தேட ஆரம்பித்தேன்.

பிறகு ஏழாம் வருடத்துக்கு வந்தோம். அந்த வருடம்தான் பெரிய காய்ச்சல். திருத்திய கோட்டைச் சிவப்பிலும் என் அறிக்கையின் கோட்டை நீலத்திலும் போட்டாள். மாதக் கடைசி வாரத்தில் சிவப்பு செங்குத்தாக ஏறியது. நீலம் இறங்கியது.

எனக்கு அந்த வாரம் நினைவுக்கு வந்தது. அதிகாரி என் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை, இறங்குது” என்றார். கொசு மருந்து அடிக்கும் குழுவை அன்றைக்கே வேறு பக்கம் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் எண் தாவியபோது எல்லாரும் காய்ச்சலைத் திட்டினோம். நானும் சேர்ந்துதான் திட்டினேன்.

அதை அவளிடம் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன். பிறகு கேட்டேன்: “அந்தக் குழு இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தா எத்தனை பேருக்கு வராம இருந்திருக்கும்? உன் புள்ளியியல் மாதிரி சொல்லுமா?”

“சொல்லும். ஆனா ஒரே எண்ணா சொல்லாது. இதுல இருந்து இதுக்குள்ளன்னுதான் சொல்லும்.” சற்றுத் தயங்கினாள். “வேணுமா சித்தப்பா?”

“போடு.”

மதிய உணவு முடிந்தும் கணினி ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“முப்பதுல இருந்து இருநூத்திப் பத்து வரைக்கும்.”

“பூஜ்யம் அதுக்குள்ள வராதா?”

“வராது சித்தப்பா.”

அவள் திரையில் ஏற்கெனவே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். ‘நிர்வாகக் காரணங்களால் சில பதிவுகள் தாமதமாயின.’ நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

“நிர்வாகக் காரணம்னா யாரும்மா?”

“அப்படித்தான் எழுதுவாங்க. உங்களை அதுல இழுக்க வேண்டாம்னுதான்…”

“எழுத்தர் சீட்டுகளை ஒத்தி வைத்தார்னு போடு. எதுக்காக வச்சாரு, எத்தனை நாள் வச்சாருன்னும் போடு. நாளைக்கு இன்னொரு எழுத்தர் படிச்சா அவருக்குப் புரியணும்ல.”

“படிக்கிறவங்க உங்க மேல கோவப்படுவாங்க.”

“படட்டும்.”

அவள் அந்த வரியை அழித்துவிட்டு, புதிதாக எழுத ஆரம்பித்தாள். எந்த வாரம் என்று கேட்டாள். சொன்னேன்.