அவதியில் இருந்தான்

என் தம்பி ஈஸ்வரன் ஒரு வல்லரசுக்கு முட்டை பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது செத்தான். சண்டை போடப் போனவன் அல்ல. மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஒரு ரிசார்ட் சமையலறையில் தொழில் படித்தவன். வளைகுடாவில் அந்த நாட்டுப் பட்டாளம் போட்டிருந்த முகாமுக்கு, ஒரு கேட்டரிங் கம்பெனி மூலமாகப் போனான். எண்ணெய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர்களுக்கு அமைதியைக் காப்பாற்றும் ஆசை வரும். காப்பாற்ற வந்தவர்களுக்குச் சோறு பொங்க மட்டும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேண்டும்.

அவர்கள் பக்கத்து நாட்டின் மேல் குண்டு போட்டார்கள். இரண்டாம் நாள் அந்த நாடு திருப்பி அடித்தது. ஏவுகணை விழுந்தது சமையல் கொட்டகையில். அன்று காலைதான் தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

“அக்கா, சங்கு ஊதுனா பட்டாளத்துக்காரங்க கான்கிரீட் குழிக்குள்ள போயிருவாங்க. நாங்க அடுப்ப அணைச்சிட்டு டேபிளுக்கு அடியில படுத்துக்கிறணுமாம். சிரிப்பா வருது.”

சாயங்காலம் டிவியில் அந்த வல்லரசின் அதிகாரி ஒருவர், தங்கள் தரப்பில் உயிர்ச்சேதமே இல்லை என்றார். மறுநாள் எங்களுக்கு போன் வந்தது. பத்து நாள் கழித்து, திறக்கக் கூடாது என்று சொல்லி ஒரு பெட்டி வந்தது.

புதைத்து இருபது நாள்கூட ஆகவில்லை, மோகனசுந்தரம் வந்தான். கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். தம்பியை ஏற்றி அனுப்பியவனும் அவனேதான். கொழிஞ்சாம்பாறைக்காரன், நம்மைப் போல மலையாள நாட்டில் பிறந்த தமிழன். நான் கொழுந்து எடுக்கப் போயிருந்தேன். லயத்தில் அம்மா மூக்கம்மாள் தனியாக இருந்தாள். மலையாளத்தில் அடித்த ஒரு காகிதத்தை எடுத்து அவனே வாசித்துக் காட்டியிருக்கிறான். மகன் இறந்த அன்று “அவதியிலாயிருந்நு” என்று அதில் ஒரு வரி.

அவதி என்றால் மலையாளத்தில் விடுமுறை. ஆனால் தோட்டத்தில் அதற்கு லீவு என்றுதான் பேர். பள்ளிக்கூடமும் ஆபீசும் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மலையாளம் தெரியும். அம்மா இரண்டையும் பார்த்ததில்லை. அவளுக்கு அவதி என்றால் அவதிதான். பிள்ளை என்ன பாடுபட்டானோ என்று அழுதுகொண்டே, “ஆமாய்யா, எம்புள்ள அவதியிலதான் இருந்திருப்பான்” என்று கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது அக்ஷயா என்கிற இ-சேவை மையத்தில். எங்கள் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கும் ஜிஸ்மி, அவன் விட்டுப்போன நகலைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“சுருளிச் சேச்சி, மரிச்ச அன்னைக்கு லீவுல இருந்தான்னு அம்மாவே சம்மதிச்சிருக்கு. சொந்தக் காரியமா வெளிய போனானாம். வேலையில சாகலைன்னு ஆயிருச்சு, நஷ்டஈடு கிடைக்காது.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முகாமில் செத்தவனை முகாமுக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்த அதிகாரியின் பேச்சு உண்மையாக வேண்டும் என்பதற்காக அவனைப் பெற்றவளின் விரலையே பிடித்து மையில் அழுத்தியிருக்கிறார்கள். அதுவும் அவள் பாஷை தெரிந்த ஒருவனை வைத்து. கம்பெனிக்காரன் வெளியூர்க்காரன், அவனுக்கு இந்தச் சூது தெரியாது. அந்தச் சொல் அம்மாவின் காதில் எப்படி விழும் என்று தெரிந்தவன் மோகனசுந்தரம் ஒருவன்தான்.

நான் அவனுக்கு போன் போட்டுத் திட்டவில்லை. திட்டினால் உஷாராகிவிடுவான். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எப்படியும் வருவான் என்று எனக்குத் தெரியும், பட்டாளத்துக்குப் பசிக்காமலா போய்விடும்?

வந்தான். முகாமில் புதுச் சமையலறை கட்டிவிட்டார்களாம், பதினேழு பையன்கள் வேண்டுமாம், வியாழக்கிழமை விமானமாம். ஞாயிற்றுக்கிழமை லேபர் கிளப்பில் கூட்டம் போட்டான். ஃபாரம் நிரப்ப ஜிஸ்மியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் போனில் படம் பிடிப்பதை யாரும் கவனிக்கவில்லை. முந்தின நாளே பையன்களின் அம்மாமார்களிடம் நான் ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒருத்தி எழுந்து அதைக் கேட்டாள்.

“ஈஸ்வரன் வேலையில செத்தானா, லீவுல செத்தானா? லீவுல போயி ஊர்சுத்திச் செத்தான்னு சொல்லுதாங்களே. எம்புள்ளைக்கும் நாளைக்கு அப்பிடித்தான் சொல்லுவீகளா?”

“ஏனுங்கக்கா, எவன் அப்பிடிச் சொன்னது?” தேன் ஒழுகியது அவன் வாயில். “அடுப்புல நின்னு வேலை செஞ்சுட்டு இருந்தப்பத்தானுங்க குண்டு உளுந்துச்சு. எனக்குத்தான் மொதல்ல போன் வந்துதுங்க.”

நான் அம்மாவைக் கைப்பிடித்து முன்னால் கூட்டிப் போனேன். காகிதத்தை நீட்டினேன். “அண்ணே, இதுல அவதின்னு போட்டிருக்கே, அப்பிடின்னா என்ன?” என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

அவன் முகம் ஒரு கணம் செத்துப் போனது. விடுமுறை என்று சொன்னால் பதினேழு பேரும் எழுந்து போய்விடுவார்கள். கூட்டத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சிரித்தான்.

“அவதின்னா கஷ்டந்தானுங்களே. நம்ம பாஷைதானுங்க. லீவெல்லாம் கெடையாதுங்க, டூட்டியிலதான் செத்தாரு.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஜிஸ்மி எழுந்து, அந்தச் சொல்லுக்கு மலையாளத்தில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பையன்களிடம் வாங்கி மேசை மேல் அடுக்கியிருந்த பாஸ்போர்ட்டுகளை அம்மாமார்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அவன் ஜீப் மலை இறங்கும் வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வீடியோவை வைத்து நாங்கள் பிடித்த வக்கீல் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். பதில் சீக்கிரமே வந்தது. மோகனசுந்தரம் என்கிற ஆளைத் தங்களுக்குத் தெரியவே தெரியாதாம். காகிதத்தை அவனாகத் தயாரித்தானாம். அவன் மேல் போலீசில் புகாரும் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷம் ஆள் பிடித்துக் கொடுத்தவனை ஒரே கடிதத்தில் கை கழுவிவிட்டார்கள்.

அப்புறம் அவன் எங்கள் லயத்துக்கே வந்தான். மழையில் நனைந்திருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

“கம்பெனி ஆளாத்தான் நான் வந்தேன்னு நீங்க சாட்சி சொல்லோணுமுங்க. இல்லீனா எல்லாத்தையும் என் தலையில கட்டிருவானுங்க. ஊட்டுல போலீசு வந்து நிக்குதுங்க.”

நிற்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இவன் ஒருவனைத் தொலைத்தால் கம்பெனிக்குத்தான் கொண்டாட்டம். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

“சொல்றோம்” என்றேன். “மொதல்ல நீ எழுதிக் குடு. யாரு உன்ன அனுப்புனது, அந்த வரியப் போடச் சொன்னது யாரு, எந்தம்பி எங்க செத்தான், எல்லாம்.”

“எழுதுனா நானும் உள்ள போயிருவனுங்க.”

“போ.”

அவன் தரையில் உட்கார்ந்தான். அம்மா கேட்கக் கேட்க, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லித் தமிழில் எழுதினான். போன் செய்த மேனேஜரின் பேர், தேதி, மேசைக்கு அடியில் செத்துக் கிடந்த நாலு பேர், அவர்களில் மூன்று பேர் வேறு நாட்டுக்காரர்கள் என்பதெல்லாம் அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த மூன்று வீட்டிலும் யார் விரலை யார் பிடித்தார்களோ.

கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவின் காலைத் தொடக் குனிந்தான். “தெரியாமப் பண்ணிப்புட்டனுங்கம்மா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சுதான் பண்ணுன. அதையும் எழுது” என்றாள்.

அவன் மறுபடியும் பேனாவை எடுத்தான்.