எதிரிக்கு ஊதிய டியூபா

கோல்ட்டர் வெல்ஸ் பள்ளியின் பேண்டில் டியூபா என்கிற ராட்சதப் பித்தளைக் குழலை ஊதுகிறவள் மாரிபெல் அர்ரெடோண்டோ. அன்று ஹோம்கமிங், பழைய மாணவர்களெல்லாம் ஊர் திரும்பிப் பார்க்க வரும் வருடாந்தர அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். அந்த நாளின் வழக்கப்படி அவள் நெஞ்சில் தட்டளவுக்கு ஒரு துணிச் செவ்வந்திப்பூ, அதிலிருந்து முழங்கால்வரை தொங்கும் நாடாக்கள், நாடா நுனியெல்லாம் மணிகள். அவள் மூச்சு விட்டாலே சலங்கைச் சத்தம் கேட்டது. அதற்குமேல் டியூபாவையும் மாட்டிக்கொண்டு அவள் பார்வையாளர் படிகளில் ஏறியதைப் பார்த்து அண்ணன் ரொஹேலியோ மைதானத்திலிருந்தே கத்தினான்.

"கிறிஸ்துமஸ் மரம் நடந்து வருதுடோய்!"

ரொஹேலியோ பள்ளி அணியின் தடுப்பாட்டக்காரன். எதிரணிக்காரன் பந்தோடு ஓடிவந்தால் கவிழ்த்துப் போடுவது அவன் வேலை. இன்றைய எதிரணி பக்கத்து ஊர் மெஸ்கீட் கிரீக். இரண்டு ஊருக்கும் ஆகவே ஆகாது. அந்த வாரம் முழுக்க பேண்ட் பிள்ளைகள் ஒரு குறும்புக்காக ஒளிந்து ஒளிந்து பயிற்சி செய்திருந்தார்கள். மெஸ்கீட் கிரீக்கின் வெற்றிப்பாட்டை இடைவேளையில் ஒப்பாரி மாதிரி இழுத்து ஊதி, அவர்கள் மானத்தை வாங்குவதாகத் திட்டம்.

ஆட்டம் தொடங்கும்போது ஒரு சேதி வந்தது. மெஸ்கீட் கிரீக் பேண்டை ஏற்றி வந்த பஸ் வழியிலேயே படுத்துவிட்டதாம். எதிர்ப்பக்கப் படிகளில் பெற்றோர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மைதானக் கோட்டோரம் அந்த அணியின் சின்னமான ஆட்டுக்கிடா வேஷம் போட்ட ஒருத்தன் துள்ளிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்திலேயே மெஸ்கீட் கிரீக் பையன் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடிப்போய் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டான். வெற்றிப்பாட்டு முழங்க வேண்டிய நேரம். ஆனால் ஊத ஆளில்லை. ஆட்டுக்கிடா மட்டும் தனியாகக் கை தட்டி, முகமூடிக்குள்ளிருந்து என்னவோ பாடிப் பார்த்தது. கோல்ட்டர் வெல்ஸ் படிகள் விழுந்து விழுந்து சிரித்தன. மாரிபெல்லும் சிரித்தாள். உடனே அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. டச் டவுன் போட்ட பையன் பாட்டுக்காகப் படிகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தான்.

அவள் எழுந்தாள். மணிகள் குலுங்கின. பூம் பூம் என்று அவர்கள் பாட்டை ஊத ஆரம்பித்தாள்.

பக்கத்தில் டிரம் வாசிக்கும் டோபியாஸ் அவள் தோளை இடித்தான். "ஏய், ஒப்பாரியாதானே இழுக்கணும்?"

"நேராவே வாசிடா!" என்று மூச்சு வாங்குகிற இடைவெளியில் கத்தினாள்.

டோபியாஸ் அடித்தான். டிரம்பெட்டுகள் சேர்ந்தன. சொந்த ஊர் ஜனம் ஊளையிட்டது. யாரோ வீசிய சீஸ் வழியும் நாச்சோ சிப்ஸ் ஒன்று டியூபாவின் வாய்க்குள் போய் விழுந்தது.

பேண்ட் மாஸ்டர் புரூயிட் ஓடிவந்தார். "மாரிபெல்! நாம எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்! பாட்டு முடிஞ்சதும் திரும்பி வந்துடறேன்!"

எதிர்ப்பக்கம் மொத்தமும் எழுந்து, தொப்பிகளைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடியது. புரூயிட் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை ஓங்கித் தாளம் காட்ட ஆரம்பித்தார். "ஊதறதுன்னு ஆச்சு, ஒழுங்கா ஊதுங்க! எந்த டிரம்பெட்டுடா அது, சுருதி விலகுது?"

ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியுமா? மெஸ்கீட் கிரீக் அன்றைக்கென்று பேய் பிடித்த மாதிரி ஆடியது. டச் டவுனுக்கு மேல் டச் டவுன். ஒவ்வொன்றுக்கும் மாரிபெல் எழுந்து ஊதினாள். உதடு வீங்கிவிட்டது.

"நீ ஊத ஊதத்தான் அவனுங்க ஓடறானுங்க! வாயை மூடுடீ!" என்று ரொஹேலியோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கத்தினான்.

"நீ அவனைப் பிடிச்சா நான் ஏன் ஊதப் போறேன்!"

அவனுடைய அணிப் பையன்களே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். ரோஷம் தாங்காமல் அடுத்த தடவை பந்து கிளம்பியதும் ரொஹேலியோ எதிராளியின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கி, மைதானம் முழுக்க ஓடி, தன் வாழ்நாளின் முதல் டச் டவுனைப் போட்டான். கோல்ட்டர் வெல்ஸ் பாட்டு கிளம்பியது. எதிர்ப்பக்கப் பெற்றோர்களும் எழுந்து, வார்த்தை தெரியாமல் "லா லா லா" என்று கூடவே பாடினார்கள். ஆட்டுக்கிடா கோட்டோரத்தில் கரணம் அடித்தது.

ஆனாலும் கோல்ட்டர் வெல்ஸ் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் எதிரெதிரே வரிசையில் நடந்து கைகொடுப்பது வழக்கம். அது முடிந்தும் மெஸ்கீட் கிரீக் பையன்கள் கலையவில்லை. நேராகப் படியேறி பேண்டிடம் வந்தார்கள். "நல்லா ஆடினீங்க, நல்லா ஆடினீங்க" என்று வேர்வைக் கைகளை வரிசையாக நீட்டினார்கள். மாரிபெல் டியூபாவோடு நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தாள். ஆட்டுக்கிடா குனிந்து அவள் கையை முகமூடி வாயால் முத்தமிட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

வரிசையின் கடைசியில், உம்மென்ற முகத்தோடு, முழங்காலெல்லாம் புல்லும் மண்ணுமாக ரொஹேலியோ நின்றிருந்தான். அவனும் கையை நீட்டினான்.

"நல்லா ஆடினீங்க மேடம்."

"நீங்களும்தான் சார்" என்றாள் மாரிபெல், விக்கலுக்கு நடுவே.