வெள்ளைப் புள்ளிக்குப் பதினாறு நாள்

எங்கள் முதலாளி ரெனாட் ப்ரூக்மான்ஸ் முப்பது வருடமாகச் செத்தவர்களோடு தொழில் செய்பவர். அவர்களில் ஒருவர்கூட இதுவரை அவர்மேல் குறை சொன்னதில்லை. உயிருள்ள முப்பத்தெட்டு ஜீவன்களை அவர் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

ஆண்ட்வெர்ப்பில் நடந்த ஏதோ ஒரு கருத்தரங்கில், துக்கத்தோடு வருகிறவர்கள் மீன் நீந்துவதைப் பார்த்தால் மனசு ஆறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமே எங்கள் காத்திருப்பு அறையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் முந்நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதில் முப்பது நியான் டெட்ரா, இரண்டு ஏஞ்சல், நான்கு லோச். லோச் என்றால் ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்டு, மீசை வைத்து, போலீஸ்காரர் சாயலில் இருக்கும். நான் அமரர் ஊர்தி ஓட்டுகிறவன். ஊர்தி ஓடாத நேரத்தில் மீனுக்குத் தீனி போடும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு லோச் நன்றாக இருக்கிறதே என்று ரெனாட் இன்னும் இரண்டு வாங்கிவந்து, பையை வெட்டி நேராகத் தொட்டிக்குள் கொட்டினார். அதே கையோடு தோட்டத்துக் குழாயிலிருந்து ஜனவரி மாதத்துப் பனிக்குளிர்த் தண்ணீரையும் பிடித்து ஊற்றினார். ஒரு வாரத்தில் லோச்சுகளின் மேல் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மீன்கள் கல்லில் போய்ப் போய் முதுகைத் தேய்த்துக்கொண்டன. விளையாடுகின்றன என்றார் ரெனாட்.

அந்த விளையாட்டில் முதல் நியான் செத்தது, ஒரு குடும்பம் தங்கள் அப்பாவுக்குப் பெட்டி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். மூத்த மகன் விலைப்பட்டியலை மடியில் வைத்துவிட்டு, மேலே மிதந்த மீனையே பார்த்தார். எங்களிடம் வலை இல்லை. முகத்தில் மடிப்புக் கலையாத சோகத்தோடு ரெனாட் எழுந்து போய், காபி ஸ்பூனால் அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு மந்திரியின் உடலைக்கூட அவர் அவ்வளவு கௌரவமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். ஊற்றியதும் தண்ணீர் பச்சையும் நீலமுமாக மாறியது. மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்தன. ரெனாட் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, குணமாகிவிட்டது என்று அறிவித்தார். ஐந்தாம் நாள் புள்ளிகள் பத்து மடங்காகத் திரும்பிவந்தன. ஐந்து நியான்களும் ஒரு லோச்சும் போய்ச் சேர்ந்தன. துக்கத்தோடு வந்தவர்கள் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார்கள்.

இந்த நிலையில்தான் கோடலீவ மேடம் வந்தார். எழுபத்துநான்கு வயது, ஒல்லியான உடம்பு, மழைக்கோட்டைக் கழற்றவேயில்லை. முந்தின நாள் அவருடைய கணவர் ஃபிர்மின் இதயம் நின்று இறந்துபோயிருந்தார். நான்தான் போய் அவரைக் கொண்டுவந்திருந்தேன். ரெனாட் தன் தொழில்குரலை எடுத்தார். அது வழக்கமான குரலைவிட அரைச்சுருதி கீழே இருக்கும். பேரிழப்பு, ஈடுசெய்ய முடியாதது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, மேடம் அவரைத் தாண்டித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு எத்தனை நாள் மருந்து போட்டீங்க?” என்றார்.

“மூணு நாள் மேடம். புள்ளி போயிடுச்சு, அதனால நிறுத்திட்டேன்.”

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். நெஞ்சுவலி போயிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்துனாரு. இப்ப உங்க ஃப்ரிட்ஜுல படுத்திருக்காரு.”

மேடம் எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றார். புள்ளி மறைந்தால் நோய் போனதாக அர்த்தமில்லை என்று விளக்கினார். அந்தக் கிருமி மீனைத் தின்று கொழுத்துக் கீழே விழுகிறது, தரையில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்காக வெடிக்கிறது, குஞ்சுகள் மறுபடி மீனைத் தேடி நீந்துகின்றன. மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை ஒன்றும் செய்யாது. நீந்தும்போது மட்டும்தான் கொல்ல முடியும். அதனால் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் விடாமல் போட வேண்டும்.

அடுத்து அவர் கேட்டது வடிகட்டியில் கரி இருக்கிறதா என்று. இருக்கிறது, போன வாரம்தான் புதிதாகப் போட்டேன் என்று ரெனாட் பெருமையாகச் சொன்னார்.

“கரி மருந்தைக் குடிச்சிடும் தம்பி. நீங்க மீனுக்கு மருந்து குடுக்கல, கரிக்குக் குடுத்திருக்கீங்க. கோட்டைக் கழட்டுங்க.”

சவப்பெட்டியைப் பற்றிப் பேசலாமா என்று ரெனாட் மெல்லக் கேட்டுப்பார்த்தார். ஃபிர்மினுக்கு இனி அவசரம் எதுவும் இல்லை, இதற்குத்தான் அவசரம் என்று மேடம் சொல்லிவிட்டார். கறுப்புக் கோட்டைக் கழற்றி, வெள்ளைச் சட்டையின் கையைத் தோள்வரை மடித்துவிட்டு, எங்கள் முதலாளி வடிகட்டிக்குள் கையை விட்டார். என்னை மேடம் தன் வீட்டு நிலவறைக்கு அனுப்பினார். கிருமி சீக்கிரம் வெளியே வரத் தண்ணீரைச் சூடேற்ற வேண்டும், சூடேற்றினால் தண்ணீரில் காற்று குறையும், மீன் மூச்சு வாங்கும், ஃபிர்மினின் காற்று பம்பு கீழே இடது அலமாரியில் இருக்கிறது, எடுத்து வா என்றார்.

படிகள் பதினேழு, செங்குத்தாக இறங்கின. கீழே பதினான்கு தொட்டிகள், விளக்கும் சலசலப்புமாக, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஜின் மதுவைப்போலத் தெளிவாக இருந்தது. கணவன் செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்று காலையிலும் யாரோ அத்தனைக்கும் தண்ணீர் மாற்றியிருந்தார்கள். வாளிகள் ஈரமாக வரிசையில் நின்றன.

நான் திரும்பி வந்தபோது ரெனாட் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். சூடு அரை நாளுக்கு ஒரு டிகிரி, இருபத்தொன்பதுவரை. லோச்சுக்குச் செதில் மிகச் சின்னது, ஆகவே மருந்து பாதி அளவு. ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும், அதே சூட்டில். விளக்கு போடவே கூடாது, வெளிச்சம் பட்டால் மருந்து கெடும்.

“அப்புறம் இந்த ஏஞ்சல் ரெண்டும் பெருசானா நியானைத் தின்னுடும்” என்றார் மேடம். “அதை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப ஃபிர்மின் பெட்டிக்கு வாங்க. ஓக் வேண்டாம். அவருக்கு ஓக் மரத்தைப் பார்த்தாலே பிடிக்காது.”

ஜன்னல் வெளிச்சம் படாமல் தொட்டியை மூட எங்களிடம் இருந்த ஒரே பெரிய துணி, அந்தக்கால வழக்கப்படி பெட்டிமேல் போர்த்துகிற கறுப்பு வெல்வெட். ஓரத்தில் வெள்ளிச் சரிகை வேறு. அதைப் போர்த்தியதும் தொட்டி சின்ன ஆளின் சவப்பெட்டி போலவே ஆகிவிட்டது. உள்ளே பம்பு குமிழ்விடும் சத்தம் வேறு கேட்டது. உள்ளே வருகிறவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு பெரியவர் அதன்மேல் ஒரு வெள்ளை ரோஜாவை வைத்துவிட்டுப் போனார். ரெனாட் அதை எடுக்கவில்லை, எடுத்தால் விளக்கம் சொல்ல வேண்டுமே என்று.

மேடம் தினமும் காலையில் சைக்கிளில் வந்தார். பூ விஷயம், இரங்கல் அட்டையின் எழுத்து என்று ஏதாவது காரணம் சொல்வார். துணியின் ஓரத்தைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி மீன்களை எண்ணுவார். மறுபடி மருந்து ஆரம்பித்த இரண்டாம் நாள் ஒரு லோச்சும் நான்கு நியானும் செத்தன. ரெனாட்டின் முகம் சுருங்கிப்போனது. நோய் முற்றிய பிறகு ஆரம்பித்தால் சிலது போகத்தான் செய்யும், அதற்காக நடுவில் நிறுத்தினால் எல்லாம் போகும் என்று மேடம் அவரை அதட்டினார். வருகிறவர்களுக்கு முப்பது வருடமாக ஆறுதல் சொன்ன மனிதர், ஒரு விதவையிடம் ஆறுதல் வாங்கிக்கொண்டு நின்றார்.

ஆறாம் நாள் ஃபிர்மினின் அடக்கம். அன்று காலைதான் கடைசிப் புள்ளியும் மறைந்திருந்தது. மீன் வளர்ப்போர் சங்கத்திலிருந்து இருபது பேர் சட்டையில் மீன் சின்னம் குத்திக்கொண்டு வந்தார்கள். சங்கத் தலைவர் எட்மோன்ட், பன்றிக்கறிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், உரை நிகழ்த்தினார். ஃபிர்மினின் கைகள் பொற்கரங்கள் என்றார். ஐந்து வருடத்துக்கு முன்னால் தன்னுடைய பன்னிரண்டு டிஸ்கஸ் மீன்களும் கறுத்துச் சாய்ந்துவிட்டதையும், ஃபிர்மின் அவற்றைத் தன் நிலவறைக்கு எடுத்துப்போய் மூன்று வாரத்தில் பன்னிரண்டையும் பிழைக்கவைத்ததையும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வருடம் சங்கம் ஃபிர்மினுக்குக் கோப்பை கொடுத்தது. முன்வரிசையில் மேடம் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

புதைத்துவிட்டு எல்லாரும் காத்திருப்பு அறைக்குத் திரும்பி வந்தார்கள். சீஸ் ரொட்டியும் காபியும் பரிமாறினோம். எட்மோன்ட் ஒரு கையில் ரொட்டியோடு வெல்வெட்டைத் தூக்கிப் பார்த்து, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தார். மருந்து நிறத்தைப் பார்த்ததும் வெள்ளைப் புள்ளி என்று புரிந்துகொண்டார். ஃபிர்மின் இருந்திருந்தால் கைநிறைய உப்பைப் போட்டு நாலே நாளில் முடித்திருப்பார் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார்.

“துணியைக் கீழ விடுங்க எட்மோன்ட்” என்றார் மேடம்.

“சும்மா பாக்குறேன் மேடம். இதெல்லாம் ஃபிர்மின் எனக்கு நேர்ல சொல்லிக்குடுத்தது.”

“ஃபிர்மினுக்கு முட்டி போய் எட்டு வருஷம் ஆச்சு. எங்க நிலவறைக்குப் பதினேழு படி. எப்படி இறங்குனாருன்னு நினைக்கிறீங்க, பறந்தா?”

மேடம் தன் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“உங்க டிஸ்கஸுக்கு இருபத்தொரு நாள் தண்ணி மாத்துனது இந்தக் கை. அவர் மேல கூடத்துல உக்காந்து கால்பந்து பாத்துக்கிட்டு, ‘கோடலீவ, சூடு எவ்வளவு?’ன்னு கத்துவாரு. நானும் ஏதோ ஒண்ணு சொல்லுவேன். பாதி நாள் பொய்தான். அவர் சொன்னபடி செஞ்சிருந்தா உங்க மீனைத் தட்டுல வெச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கலாம்.”

யாரோ காபியில் புரையேறிச் சிரித்தார்கள். எட்மோன்ட் துணியை விட்டுவிட்டு, காது சிவந்து, அப்படியானால் அந்தக் கோப்பை என்று முனகினார்.

“அது அவர்கூடப் பெட்டியில போயிடுச்சு. வேணும்னா தோண்டிக்கோங்க.”

உண்மைதான், காலையில் நான்தான் அதை ஃபிர்மினின் கைக்குள் வைத்தேன். மேடம் சொல்லித்தான் வைத்தேன். அதை வைக்கும்போது அவர் ஃபிர்மினின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்து, நல்ல மனுஷன், மீனைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது என்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் வெல்வெட்டை எடுத்தோம். கரியைத் திரும்பப் போட்டோம், தண்ணீர் தெளிந்தது. நான்கு லோச், இருபது நியான், இரண்டு ஏஞ்சல். மேடம் மூன்று தடவை எண்ணினார். பிறகு, துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் சோபாவில் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ரெனாட் அவருக்கு ஒரு கிளாஸ் ஜெனீவர் மது ஊற்றிக் கொடுத்தார்.

“நாப்பத்தோரு வருஷத்துல” என்றார் மேடம், “நான் சொன்ன மருந்தை ஒரு ஆம்பளை கடைசிவரைக்கும் போட்டது இதுதான் முதல் தடவை.” சொல்லிவிட்டு அழுதார். ரெனாட் தொழில்குரலை எடுக்கவில்லை. கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த மாதக் கடைசியில் சங்கத்துக்காரர்கள் பதினான்கு தொட்டிகளையும் வந்து எடுத்துப்போனார்கள். ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று எட்மோன்ட் கெஞ்சிப்பார்த்தார். ஆயுள் உறுப்பினராக்குகிறோம் என்றும் சொன்னார். மீனைத் தனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, நோய் வந்தால் மட்டும் போன் செய்யுங்கள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். அவர்கள் சாப்பாட்டு நேரத்தில்தான் செய்கிறார்களாம். திட்டிவிட்டு, முதலில் தண்ணீரின் சூட்டைக் கேட்கிறாராம்.

நிலவறையைக் கழுவி முடித்த மறுநாள் ஆஸ்டெண்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் கிளம்பினார். ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி ரெனாட் என்னை அனுப்பினார். எங்களிடம் இருக்கிற ஒரே வண்டி அமரர் ஊர்தி. மேடம் தயங்கவில்லை. தன் பயணப்பெட்டியைப் பின்னால், சவப்பெட்டி வைக்கிற இடத்திலேயே வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சந்தைத் தெருவில் ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றினார். மேடம் கண்ணாடியை இறக்கி அவருக்குக் கையசைத்தார். அவர் தொப்பியைக் கீழே போட்டுவிட்டார்.

“இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டலாமா லீவன்?” என்றார் மேடம். “பத்து முப்பத்தெட்டுக்கு வண்டி.”

முதல்முறையாக அந்த வண்டியை மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.