நாற்சந்தியில் ஒரு குடும்பச் சண்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புயலில் சிக்னல் விளக்குகள் அணைந்துபோன நாற்சந்தியை ஒரு போக்குவரத்துக் காவலர் ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் வீரக்கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழை விட்டிருந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு…

அவ்வளவுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்ட காவலர் கதைக்குள் வந்துசேரவே இல்லை.

2

வந்தது ஒரு கணக்கு டீச்சர். கூடவே அவர் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாத்தனார் வீட்டுக் கூரை பறந்துவிட்டது. அடுத்த மழைக்குள் தார்ப்பாய் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நாலு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்க, நட்டநடுவில் இவர்கள் கார் நின்றுவிட்டது.

டீச்சர் இறங்கினார். "பேட்டரிய மாத்துங்கன்னு சொன்னேனா இல்லையா?"

இடது கை வீசியது. இடப்பக்க லாரி கிளம்பியது.

"எதையாவது காதுல வாங்கறீங்களா?"

வலது உள்ளங்கை எழுந்தது. வலப்பக்க பஸ் நின்றது.

(இதெல்லாம் நடக்குமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஒரு வகுப்பையே பேச்சில்லாமல் உட்காரவைக்கிற கை அது.)

3

முதலில் கவனித்தவர் கணவர். "நிறுத்தாதம்மா. வண்டியெல்லாம் போகுது."

"என்ன பண்ணணும்?"

"திட்டு."

திட்டினார். அணைக்காத அடுப்பு, மழையில் நனைந்த துணி, அண்ணன் கல்யாணத்தில் அவர் குறட்டை விட்டது எல்லாம் வந்தது. நெரிசல் மெல்ல இளகியது. தூரத்தில் ஆம்புலன்ஸ் அலறியது. அந்த நேரம் பார்த்து டீச்சரிடம் சரக்கு தீர்ந்துபோனது.

"மத்தபடி நல்ல மனுஷன்தான்," என்றார். கைகள் தொங்கின. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்ந்து இறுகிக்கொண்டது.

கணவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "எங்கம்மா விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கே."*

இரண்டு கைகளும் ஒன்றாக எழுந்தன. சாலை பிளந்து வழிவிட்டது. ஆம்புலன்ஸ் வழுக்கிக்கொண்டு போனது.

* என்ன விஷயம் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் அம்மாவும் இதைப் படிப்பார்.

4

மின்சாரம் வந்தது, விளக்கு… இல்லை, அது சோம்பேறி முடிவு.

இருவரும் சிரித்துச் சமாதானமாகி… இதையும் எழுதிப் பார்த்தேன். ஒரே ஹாரன் சத்தம்.

மேற்கே மறுபடி கருக்கிறது. தார்ப்பாய் காரிலேயே இருக்கிறது. தள்ளிவிட நாலு பேர் தயார். ஆனால் டீச்சர் ஏறினால் சந்தி அடைத்துக்கொள்ளும். முடிவை உங்களிடமே விடுகிறேன். ஒன்று மட்டும்: அவர்களைச் சமாதானப்படுத்துவதற்கு முன், பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.