மணல் நிறக் குப்பி

அசோக்குக்குச் சில நிறங்கள் பிரித்துத் தெரியாது என்பது மோகனப்பிரியாவுக்குக் கல்யாணமான முதல் தீபாவளியிலேயே தெரிந்துவிட்டது. அந்த வருஷம் குடும்பத்தில் எல்லாரும் மரூனில் உடுத்துவது என்று முடிவாகியிருந்தது. தேக்கா கடைத்தெருவுக்குப் போய் வந்தவர் பையைப் பிரித்து, கரும்பச்சை ஜிப்பா ஒன்றை எடுத்து நீட்டி, "நல்ல மரூனா கிடைச்சிடுச்சு" என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், "சும்மா விளையாட்டுக்கு லா" என்று சிரித்து மழுப்பினார். மறுநாள் அவளே போய் மாற்றி வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே பாட்டுதான்: "நீயே பாத்து எடு ப்ரியா, உன் டேஸ்ட் நல்லாருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிதரிடம் என்ன சொல்வது? அவராகவே சொல்லட்டும் என்று இருந்தாள். வருஷங்கள் ஓடின, அவர் சொல்வதாக இல்லை. கட்டியவளிடம் சொல்ல முடியாத அளவுக்கு இது என்ன கொலைக்குற்றமா என்று அவளுக்குக் கோபம். கோபத்துக்கு அடியில் வருத்தம்.

இத்தனைக்கும் அவருடைய பொழுதுபோக்கே மாடல் டாங்கிகளைச் செய்து பெயிண்ட் அடிப்பதுதான். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் டாங்கிப் படைக்கு ஆசைப்பட்டவரை ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார்கள். காரணம் கேட்டால் முழங்கால் என்பார். தோ பாயோவில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி அந்த டாங்கிகளுக்குப் போயிற்று. பெயிண்ட் குப்பி மூடியில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குவார், எண்ணைப் பார்த்தே அடிப்பார். வேலை அவ்வளவு சுத்தம். யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அந்தச் சுத்தமே வினையாக வந்தது. சமூக மன்றக் கண்காட்சிக்கு நண்பர்கள் ஆளுக்கொரு டாங்கி செய்து, பாலைவனத்தில் ஒரே அணியாக நிறுத்துவதாக ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் ஒரே மணல் நிறம் வேண்டும். "பெயிண்ட் நீங்களே பாத்து வாங்கிடுங்க அசோக்" என்று அவர்களில் ஒருவரான ரஞ்சன் போனில் சொல்ல, இவரும் சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜாலான் புசாரில் இருக்கும் மாடல் கடைக்குக் கிளம்பும்போது, "நீயும் வாயேன், அப்படியே தே தாரிக் குடிச்சிட்டு வரலாம்" என்றார். தன்னை எதற்குக் கூப்பிடுகிறார் என்பது அவளுக்கு விளங்கியது. கூடப் போனாள்.

வழக்கமான எண் கடையில் தீர்ந்துபோயிருந்தது. சீனக் கடைக்காரர் வேறு கம்பெனிக் குப்பிகளைப் பல நிறத்தில் கொண்டுவந்து பரப்பினார். மூடியில் எண்ணே இல்லை, எழுத்தெல்லாம் ஜப்பானியம். "ஆல் கேன், யூ சூஸ்", எதுவும் ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

"உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார் அசோக், என்னமோ சேலை எடுக்க வந்தவர்போல.

"எனக்கென்ன தெரியும்? டாங்கி உங்களோடது."

கொஞ்சம் கொடுமைதான். ஆனால் இந்தத் தடவை தானாக எடுத்துக் கொடுப்பதில்லை என்று அவளுக்கு வைராக்கியம்.

அவர் குப்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்து முன்னால் நகர்த்தி வைத்தார். வாழைக் குருத்துப் பச்சை. கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாங்குகிறவர் இஷ்டம் என்று, அதிலேயே தேவையான குப்பிகளைப் பையில் போட்டார்.

வார்த்தை அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் ரஞ்சன் சிரிப்பார். இவர் விளையாட்டுக்கு என்பார். அதோடு டாங்கிகளைப் பெட்டியில் கட்டிவைத்துவிட்டு, இனி தொடவே மாட்டார். எல்லாம் தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

வெளியே நடைபாதையில் நல்ல வெயில். கடைக்காரர் பார்த்த பார்வை உறுத்தியதோ என்னமோ, அசோக் நின்றுவிட்டார். பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வெயிலில் பிடித்தார். படிக்கத் தெரியாத அந்த எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதோரம் வியர்த்திருந்தது.

"ப்ரியா" என்றார், அவளைப் பார்க்காமல். "இது பச்சையா?"

இத்தனை வருஷக் கோபம் எங்கே போயிற்றோ.

"ஆமாங்க. பச்சைதான்."

"எனக்கு அது தெரியாது ப்ரியா. எப்பவுமே தெரிஞ்சதில்ல."

"எனக்குத் தெரியும். குடுங்க, மாத்திட்டு வருவோம்."

பையை வாங்கிக்கொண்டு அவள் கடைக் கதவைத் தள்ளினாள். பின்னாலிருந்து அவர் மெதுவாகக் கேட்டார்:

"அந்த ஜிப்பா என்ன கலர்?"