லைனிங் அடித்தால் போதும்

என் அக்காள் புருஷன் வைகுண்டராஜ், உத்தமபாளையத்தில் முதன்முதலாக மாருதி கார் வாங்கியவர். இதை அவரே சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியதில்லை. வாங்கிய அன்றே எலுமிச்சம்பழம் கட்டினார், கண்ணாடியில் சாமி படம் ஒட்டினார். சீட்டின் பாலித்தீன் உறையை இன்றுவரை கழற்றவில்லை. முன்சக்கரம் மட்டும் இரண்டு மாதமாக அம்மி கொத்துவதுபோலக் கத்திக்கொண்டிருந்தது. "புது வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றார்.

ஏழு மாதக் கர்ப்பிணியான அக்காளை அதே காரில் குமுளி மலைக்கு மேலே, தன் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கூட்டிப் போவதாக இருந்தார். ஏறும்போது பயமில்லை. இறங்கும்போது?

மெக்கானிக் ஒச்சாண்டி முன்சக்கரங்களைக் கழற்றி, பிரேக் பேட் நான்கையும் எடுத்துக் காட்டினார். பிடிக்க வேண்டிய லைனிங் பகுதி தேய்ந்தே போய், இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. வண்டியைக் கல்லின்மேல் நிறுத்தினார். நான் தேனியில் வேலை பார்ப்பதால், மாதிரிக்கென்று பழசு நான்கும் என் பைக்குள் வந்தன.

தேனி பஜாரில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் உதிரிபாகக் கடை. பேடுகளை மேசையில் வைத்து, புதுசாக ஒரு செட் கேட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆம்பளையாளு யாரும் வரலியா ஆத்தா?"

"வரல. பேட் கேக்க நானே போதும்."

"புதுசு மதுரையிலருந்து வரணும், நாளாகும். அது எதுக்கு? அடுத்த பட்டறையில குடுத்தா இதுமேலயே லைனிங் வெட்டி வச்சு ரிவிட் அடிச்சுத் தந்துருவாக. அம்பாசிடருக்குக் காலங்காலமா அப்படித்தானே?"

"அது டிரம்முக்குள்ள இருக்குற ஷூ அண்ணாச்சி. இது டிஸ்க்கை ரெண்டு பக்கமும் நெறிச்சுப் பிடிக்கிறது. மலை இறக்கத்துல சூடேறுனா ஒட்டுப்போட்ட லைனிங் பிஞ்சுபோகும்."

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் கேட்டார்: "புள்ள காலேஜா?"

"பிஎஸ்ஸி. பிசிக்ஸ்."

"அதான பாத்தேன்" என்றார். கடையே சிரித்தது.

படிக்காத மனிதர்கள், மன்னித்துவிடலாம் என்பீர்கள். மாட்டேன். என் அப்பா கைநாட்டு. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குத் தெரியும்.

வண்டி யாருடையதென்று கேட்டுக்கொண்டு, அண்ணாச்சி உத்தமபாளையத்துக்கு, அத்தானுக்கே போன் போட்டார். கர்ப்பம் என் அக்காளுடையது, பேச்சு இரண்டு ஆண்களுக்குள். "ஆமா... படிச்ச புள்ளைல்ல, பயப்படுது..." சிரித்து முடித்து, ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"லைனிங் அடிச்சு வாங்கிட்டு வா" என்றார் அத்தான். "நாளைக்குக் கார்லதான் போயி எறங்கணும். அங்கன அம்புட்டுப் பேரும் பாப்பாக."

"அக்கா மாசமா இருக்கா அத்தான்."

"ஓட்டுறது நான்தான?"

என் பயமே அதுதான். போனை வைத்தேன்.

"பட்டறைக்கு ஆள் அனுப்பவா ஆத்தா?"

"வேண்டாம். நானே பாத்துக்கிறேன்." பேடுகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீரபாண்டியில் திருவிழாக் கூட்டம், பஸ் நகரவில்லை. இறங்கினேன். ஆற்றில் பெண்கள் தலை முழுகி, ஈரப் புடவையோடு கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் குளிக்காத ஆழத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாக வீசினேன். நல்ல இரும்பு. நின்று பார்க்க நேரமே தராமல் முங்கியது.

அத்தான் வாசலிலேயே நின்றார். "எங்க?"

"வீரபாண்டிக் கூட்டத்துல கை நழுவி ஆத்துல விழுந்துருச்சு அத்தான்."

பேருக்குக்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆற்றங்கரையில் எனக்கென்ன வேலை, நான்குமா விழுந்தன, ஒன்றும் இல்லை.

"பொட்டக் கழுதகிட்ட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்! இதுல டிகிரி வேற!"

"ஆமா அத்தான்."

என்னைப் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பில் அந்தப் பொய் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

அடிக்கப் பழசும் இல்லை, மாட்டப் புதுசும் இல்லை. கார் கல்லின்மேல் நின்றது. அக்காள் பஸ்ஸில் மலை ஏறினாள். பஸ்ஸிலேயே பத்திரமாக இறங்கினாள். பக்கத்தில் அவர், பட்டு வேட்டி கசங்க, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பிறகு மதுரையிலிருந்து புது செட் வந்தது. வாங்கப் போன அத்தான் கடையில் இருந்தவர்களிடம், "மலைக்குப் போற வண்டிக்கு லைனிங் அடிக்கக் கூடாதுய்யா. சூடேறுனா பிஞ்சுரும்" என்று விளக்கினாராம்.

"மொதலாளி சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாராம் சுயம்புலிங்கம் அண்ணாச்சி.